சட்டமன்றத்தில் கேள்வி நேரம்

ஜனநாயகம் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது தேர்தலே ஆகும். வாக்குச் சாவடியும், நீண்ட வரிசையும், விரலில் இட்ட மையும் நம் கண்முன் நிற்கின்றன. ஆனால் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வருவது. அரசாங்கமோ அன்றாடம் நடப்பது. அது அன்றாடம் ஆட்களை நியமிக்கிறது. அன்றாடம் பணத்தைச் செலவிடுகிறது. அன்றாடம் ஏதேனும் ஒரு பணியைச் செய்கிறது, அல்லது செய்யாமல் விடுகிறது. விரலில் இட்ட மை சில வாரங்களில் அழிந்து போகும். அதன் பிறகு அடுத்த தேர்தல் வரையில் ஆட்சியாளரை நோக்கி, "இது என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்கு மக்களுக்கு உள்ள வழி யாது?

அவ்வழிகளுள் தலையாயது, சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் நடைபெறும் கேள்வி நேரமாகும். அதன் வரலாறு முழுவதையும் சொல்வது இப்பேச்சின் நோக்கமன்று. அரசாங்கத்தின் சார்பில் இயங்கும் பொது நிறுவனங்களைப் பற்றி உறுப்பினர்கள் எவ்வாறு கேள்வி கேட்கிறார்கள், அக்கேள்வியால் என்ன விளைகிறது என்பதை மட்டும் மாணவ மாணவியராகிய உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பொது நிறுவனம் என்பது யாது? அதை அறிய நாம் சென்னைக்கோ டில்லிக்கோ போக வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஒரு நாள் பயணம் செய்தாலே போதும். பள்ளத்தாக்கின் தலைப்பில், லோயர் கேம்ப்பில், பெரியாற்று நீர் மலைமேலிருந்து பெருங்குழாய்களில் இறங்கி மின்னாக்கிகளைச் சுழற்றுகிறது. 1950-களின் இறுதியில் அந்த மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, 1957 ஜூலை 1 ஆம் நாள் அமைந்த மின்சார வாரியம் அதனை நடத்தியது. அவ்வாரியம் 2010 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும் பிரித்தமைக்கப்பட்டு, இன்று உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் தனித்தனிக் கழகங்கள் இருக்கின்றன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் விளையும் நெல்லைக் கொள்முதல் செய்வது 1972-ல் தோன்றிய நுகர்பொருள் வாணிபக் கழகம். ஊர்களை இணைத்து ஓடும் பேருந்துகள் அரசுப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலம் 1987-ல் அமைந்த நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது. பள்ளி ஆசிரியரும் சிறு வணிகரும் மாதந்தோறும் பணம் கட்டும் காப்பீடு, 1956-ல் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகத்தினுடையது.

இவை யாவும் பொதுமக்களின் பணத்தைக் கொண்டு, சட்டத்தின் வழியே அமைக்கப்பட்டவை. ஆயினும் இவை அமைச்சரின் அலுவலகத்தைப் போன்ற நேரடித் துறைகள் அல்ல. இவற்றுக்குத் தனித் தலைவர் உண்டு. இயக்குநர் குழு உண்டு. தனிக் கணக்கு உண்டு. வாணிகமும் தொழிலும் நடத்துகிற ஓர் அமைப்பு ஒவ்வோர் ஆணி வாங்குவதற்கும் அமைச்சரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் வேலை நடக்காது. ஒவ்வொரு நியமனத்திலும் அரசியல் புகுந்தால் நிறுவனம் நிலைக்காது. ஆகவேதான் இவற்றுக்கு ஓரளவு தன்னாட்சி தரப்பட்டது. அது நியாயமே.

ஆனால் அந்த நியாயத்திலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அமைச்சரைக் கேட்டால், "அது கழகத்தின் அன்றாட நிர்வாகம், நான் தலையிடுவதில்லை" என்று சொல்லிவிடலாம். கழகத் தலைவரைக் கேட்டால், "அரசாங்கத்தின் கொள்கைப்படி நடந்தேன்" என்று சொல்லிவிடலாம். இருவருக்கும் நடுவே பொறுப்பு என்பது காணாமற் போய்விடும். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற பழமொழி நம் நாட்டில் காரணமின்றிப் பிறக்கவில்லை. பிறர் பொருளைச் செலவிடும் கையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணே கேள்வி.

கணக்குக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கிராம சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் விட்டவர் மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கணக்குக் கூறாதவன் பொதுப்பணிக்கு ஆகான் என்று நம்மவர் தெளிந்திருந்தனர்.

இங்கிலாந்தில் முதன்முதலாகப் பதிவான பாராளுமன்றக் கேள்வி எது என்பதும் அறியத்தக்கது. 1721 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு எழுந்து, தென்கடல் கம்பெனியின் தலைமைக் காசாளர் வெளிநாட்டுக்கு ஓடிப் பிரஸ்ஸெல்ஸில் பிடிபட்டார் என்பது உண்மையா என்று கேட்டார். அக்கம்பெனி நாட்டின் கடனையே தன் பொறுப்பில் ஏற்றிருந்த ஒன்று. அது சரிந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. ஆகவே, கேள்வி கேட்கும் மரபு தொடங்கியதே பொதுப்பணத்தைக் கையாண்ட ஒரு நிறுவனத்தைப் பற்றித்தான் என்பதை மறவாதிருங்கள்.

இந்தியாவில் அவ்வுரிமை எளிதில் வரவில்லை. 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபைகளில் உறுப்பினருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. 1885-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் முதற் கூட்டமே அவ்வுரிமையைக் கோரித் தீர்மானம் செய்தது. 1892 ஆம் ஆண்டுச் சட்டம் கேள்விக்கு இடமளித்தது. ஆனால் விடை கிடைத்த பிறகு மேலும் ஒன்று கேட்க முடியாது. 1909-ல், கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகே எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி எழுப்பலாம் என்ற நிலை வந்தது.

இந்த ஆண்டுகளை நம் பள்ளத்தாக்கின் வரலாற்றோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பெரியாற்று அணையின் வேலை தொடங்கியது 1887. நீர் திறக்கப்பட்டது 1895 அக்டோபர். பென்னிகுவிக்கின் உறுதியை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் அக்காட்டில் காலராவாலும் மலேரியாவாலும் தொழிலாளர் பலர் மாண்டனர். "எத்தனை பேர் வேலைக்கு வைக்கப்பட்டனர்? அவர்களுக்கு மருத்துவர் எத்தனை பேர்? இறந்தோர் எத்தனை பேர்? செலவு எவ்வளவு ஆயிற்று?" என்று மக்கள் சார்பில் சபையில் எழுந்து கேட்க, வேலை தொடங்கிய நாளில் ஒருவருக்கும் உரிமை இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் உழைத்தவனின் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

அதன் பிறகு ஒரு தலைமுறைக்குள் காலம் மாறிற்று. உத்தமபாளையத்தில் பிறந்த பி. டி. ராஜன் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகவும், அமைச்சராகவும், 1936-ல் சில மாதங்கள் முதன்மை அமைச்சராகவும் விளங்கினார். கேட்கும் பக்கத்திலும் விடை சொல்லும் பக்கத்திலும் நம் பள்ளத்தாக்கின் மக்கள் இடம்பெறும் காலம் வந்தது. இன்று ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு தொகுதிகளின் உறுப்பினர்கள் 234 பேர் கொண்ட பேரவையில் தேனி மாவட்டத்தின் குரலாக அமர்ந்திருக்கிறார்கள்.

இனிக் கேள்வி நேரம் நடைபெறும் முறையைக் காண்போம். உறுப்பினர் தம் கேள்வியை எழுத்து மூலம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். மக்களவையில் இதற்குக் குறைந்தது பதினைந்து முழு நாட்கள் வேண்டும். விடை தேடிக் கொணர அமைச்சருக்குக் காலம் தேவையன்றோ! வாய்மொழியாக விடை வேண்டும் கேள்விக்கு நட்சத்திரக் குறி இடப்படும். மக்களவையில் ஒரு நாளைக்கு இத்தகைய கேள்விகள் இருபது. எழுத்து மூலம் விடை போதும் என்பவற்றுக்குக் குறி இல்லை. அவை இருநூற்று முப்பது வரை வரலாம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கே துணைக் கேள்வி உண்டு. முதற் கேள்விக்கு உரிய விடை அலுவலகத்தில் எழுதப்பட்டு வருவது. துணைக் கேள்விக்கோ அமைச்சர் தாமே எழுந்து, தம் அறிவைக் கொண்டு விடை கூற வேண்டும். அமைச்சர் தம் துறையை அறிந்தவரா என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்விக்கு விதிகளும் உண்டு. அது சுருக்கமாக இருக்க வேண்டும்; மக்களவையில் பொதுவாக 150 சொற்களுக்கு மேற்படலாகாது. அதில் வாதமோ, வசையோ, ஊகமோ கூடாது. அரசாங்கத்துக்கு முதன்மையான பொறுப்பில்லாத அமைப்புகளின் காரியங்களைப் பற்றிக் கேட்கக் கூடாது. இக்கடைசி விதியே பொது நிறுவனங்களைப் பற்றிய சிக்கலுக்கு வாயில். எது அன்றாட நிர்வாகம்? எது அரசாங்கத்தின் பொறுப்பு? இந்த வினாவுக்கு நாடே உற்றுநோக்கிய ஒரு நிகழ்ச்சியின் வாயிலாக விடை கிடைத்தது. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1956 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கியது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் 1 ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. எளிய குடும்பங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம் ஒரே கருவூலத்தில் சேர்ந்தது. மறு ஆண்டு, 1957 ஜூன் மாதத்தில், அக்கழகம் ஹரிதாஸ் முந்திரா என்னும் தொழிலதிபருடன் தொடர்புடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. அன்றைய ஒன்றேகால் கோடி என்பது மிகப் பெருந்தொகை. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்து கொள்ளாமலே இது நடந்தது.

செய்தி மெல்லக் கசிந்தது. ராம் சுபக் சிங் முதலிய உறுப்பினர்கள் மக்களவையில் கேள்வி எழுப்பினர். முதலில் கிடைத்த விடைகள் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. ஆனால் அவர்கள் விடவில்லை. 1957 டிசம்பர் 16 ஆம் நாள் பெரோஸ் காந்தி எழுந்து, தேதி, தொகை, பங்கின் விலை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மறுக்க முடியாத வகையில் பேசினார். அவர் எதிர்க்கட்சியினர் அல்லர், ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். கேள்வி கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமே என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மக்களவை உறுப்பினர் யாவரும் முதலில் மக்களின் உறுப்பினர். பிறகே கட்சியின் உறுப்பினர்.

அரசாங்கம் விசாரணைக்கு இசைந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, சில வாரங்களுக்குள்ளேயே அறிக்கை தந்தார். நிதியமைச்சராக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. கழகம் தன்னாட்சி உடையது என்பதோ, அதிகாரிகள் செய்ததைத் தாம் ஒப்பவில்லை என்பதோ அவரைக் காக்கவில்லை. தம் கீழ் உள்ளோர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று நீதிபதி தெளிவுபடுத்தினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் திறமை வாய்ந்தவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நிதியமைச்சராகவும் ஆனார். ஆனால் திறமை வேறு, பொறுப்பு வேறு என்ற பாடத்தை நாடு அன்று கற்றது.

சாக்ளா வகுத்த நெறிகள் இன்றும் படிக்கத்தக்கவை. தன்னாட்சி பெற்ற கழகங்களில் அரசாங்கம் தலையிடலாகாது. தலையிட விரும்பினால் கட்டளையை எழுத்து மூலம் தருவதற்குத் தயங்கலாகாது. நிதியும் வாணிகமும் அறிந்தவரே தலைவராக வேண்டும். அரசுப் பணியிலிருந்து கழகத்துக்கு வரும் அதிகாரியின் விசுவாசம் கழகத்துக்கே உரியது. காப்பீடு செய்தோரின் பணம் காப்பீடு செய்தோரின் நன்மைக்கே பயன்பட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அமைச்சர்கள் தொடக்கத்திலேயே உண்மைகள் அனைத்தையும் பாராளுமன்றத்தின் முன் வைத்துவிட வேண்டும். ஆள் நியமனம், பணம், பயன் ஆகிய மூன்றும் இந்நெறிகளில் அடங்கியிருப்பதைக் காணுங்கள். பின்னர், 1964-ல், பொது நிறுவனங்களின் கணக்கையும் நடப்பையும் ஆராய்வதற்கென்றே பாராளுமன்றத்தில் பொது நிறுவனங்கள் குழு ஏற்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அத்தகைய குழு உண்டு. அவையில் ஒரு மணி நேரத்தில் முடியாத ஆராய்ச்சியை, அதிகாரிகளை வரவழைத்து நாட்கணக்கில் குழு நடத்துகிறது.

இவ்வளவும் பெரிய இடத்துச் செய்தி. இனி, நம் வயலுக்கு வருவோம். "நெல் கொள்முதல் நிலையங்கள் நன்றாக நடைபெறுகின்றனவா?" என்று ஓர் உறுப்பினர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆம், நடைபெறுகின்றன" என்று அமைச்சர் விடை கூறி அமர்ந்துவிடுவார். கேள்வியும் முடிந்தது, பயனும் இல்லை. நல்ல கேள்வி வேறு வகையாக அமையும்:

(அ) கம்பம் பள்ளத்தாக்கில் இப்பருவத்தில் எத்தனை நெல் கொள்முதல் நிலையங்கள், எந்தெந்த நாட்களில் திறக்கப்பட்டன?

(ஆ) அவற்றில் அனுமதிக்கப்பட்ட பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் காலியானவை எத்தனை, எப்போதிலிருந்து காலி?

(இ) இந்நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?

(ஈ) வாங்கிய நெல் எத்தனை டன். நெல்லைக் கொணர்ந்த உழவர் எத்தனை நாள் காத்திருந்தார். மழையில் நனைந்து வீணானது எவ்வளவு?

இக்கேள்வியில் ஒரு கடுஞ்சொல் இல்லை. ஆனால் இதற்கு "ஆம்" என்று விடை சொல்லித் தப்ப முடியாது. எழுத்தர் பணியிடம் காலி என்று (ஆ) பகுதியில் விடை வந்தால், உழவர் காத்திருந்ததன் காரணம் (ஈ) பகுதியில் தானே விளங்கும். பணம் ஒதுக்கியும் செலவாகவில்லை என்றால், துணைக் கேள்வி அங்கேயே பிறக்கும். ஆளும் பணமும் பயனும் ஒன்றையொன்று விளக்குவன. மூன்றையும் சேர்த்துக் கேட்பவரே விடையைப் பெறுவார்.

அம்மூன்றிலும் கடைசியானதே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பெரியாற்று நீரால் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் விளைகிறது. வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் முதற் போகத்துக்கு நீர் திறக்கப்படும். திறந்த நாள் செய்தியாகிறது. திறந்த அளவும் செய்தியாகிறது. ஆனால் உழவன் கேட்பது வேறு: "கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?" மதகில் திறந்த நீரைச் செலவு என்று வைத்தால், கடைமடையில் வந்து சேர்ந்த நீரே பயன். இத்தனை கோடி ஒதுக்கினோம் என்ற விடை மதகைப் பற்றியது. கடைமடையைப் பற்றிய விடையைக் கேட்டு வாங்க வேண்டும்.

காலமும் பயனின் ஒரு பகுதியே. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. அகலப் பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். நிறுத்திய நாளில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, போடிக்கு ரயில் வந்தபோது பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. ஆகவே, "எவ்வளவு ஒதுக்கினீர்?" என்பதோடு, "எப்போது முடிப்பீர்?" என்பதையும் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதையும் அறிய வேண்டும். நெல் கொள்முதலும் பேருந்தும் மின் பகிர்மானமும் மாநிலத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் சட்டமன்ற உறுப்பினர் கேட்பார். ரயிலும், நறுமணப் பொருள்கள் வாரியமும், ஆயுள் காப்பீடும் மத்திய அரசைச் சேர்ந்தவை. அவற்றைப் பாராளுமன்ற உறுப்பினரே கேட்க வேண்டும். பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இருந்தனர், மாநில அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, ஆய்வுக்கூடம் எழவில்லை. அதன் நிலையைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பலமுறை கேள்விகள் கேட்கப்பட்டன. ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் ஒரே உண்மைகள்தாம் தேவை. எந்த அனுமதி கிடைத்தது, எது நிலுவையில் உள்ளது, எவ்வளவு செலவாயிற்று என்பன அச்சில் வந்தால் வதந்திக்கு இடம் குறையும்.

அவையில் கேட்ட கேள்வி எங்கே பயணம் செய்கிறது என்பதும் சுவையான செய்தி. இதனை விடை தருவோரின் வரிசையில் கடைக்கோடியில் நின்ற தலைமையாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். காலி ஆசிரியர் பணியிடங்களைப் பற்றிச் சென்னையில் ஓர் உறுப்பினர் கேட்பார். அது தலைமைச் செயலகத்திலிருந்து இயக்ககத்துக்கும், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், அங்கிருந்து பள்ளிக்கும் இறங்கி வரும். உறையின்மேல் "சட்டமன்றக் கேள்வி, மிக அவசரம்" என்றிருக்கும். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, பணியில் இருப்போர் எத்தனை பேர், காலி எத்தனை, எந்தத் தேதி முதல் என்று அன்று மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பதிவேட்டைப் புரட்டி அக்கட்டங்களை நிரப்பும்போது, நாம் ஒப்புக்கொண்டு பழகிவிட்ட குறை, தாளில் ஓர் எண்ணாக எழுந்து நிற்கும். கணக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு பருவங்கள் கழிந்தன என்பதை மாவட்டம் கூட்டிப் பார்க்கும். இயக்ககம் கூட்டிப் பார்க்கும். விடை அவைக்குப் போவதற்கு முன்பே சில இடங்கள் நிரப்பப்பட்டுவிடும். கேட்கப்படும் என்ற அச்சமே பாதி நிர்வாகம்.

ஆயினும், கேள்வியின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேள்வி கட்டளையன்று, அது உண்மையை வெளிக்கொணருமேயன்றி, தானே ஒன்றையும் செய்து முடிக்காது. "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது" என்ற விடை பல நேரங்களில் ஒத்திப்போடும் வழியாகிவிடுகிறது. இதனாலேயே அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்க உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. கூச்சலால் கேள்வி நேரம் வீணாகும் நாட்களும் உண்டு. கேள்வி நேரமே இல்லாமற் போன காலங்களும் உண்டு: 1975-ல் நெருக்கடி நிலையின்போதும், 2020-ல் பெருந்தொற்றுக் காலத்துக் கூட்டத்தொடரிலும் பாராளுமன்றத்தில் அது கைவிடப்பட்டது.

இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்றதாக வெளிப்பட்ட பதினொரு உறுப்பினர்களைப் பாராளுமன்றம் வெளியேற்றியது. கேள்விக்கு விலை உண்டு என்றால் அதற்கு வலிமையும் உண்டு என்றுதான் பொருள். வலிமையற்ற பொருளை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆனால் மக்களின் கண்ணாக இருக்க வேண்டியது, பணம் கொடுத்தவரின் கண்ணாக மாறினால், அதைவிட இருளே மேல். ஆகவே உறுப்பினர் கேட்கும் கேள்வியை, வாக்களித்தவரும் கவனித்து வர வேண்டும்.

மாணவ மாணவியரே! உறுப்பினருக்குக் கேள்வி வானத்திலிருந்து வந்து விழுவதில்லை. கொள்முதல் நிலையத்தில் மூன்று நாள் காத்திருந்த உழவர், பேருந்து வராமல் பள்ளிக்குப் பிந்திய மாணவி, சம்பளம் வராத ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோர் சொல்லும் செய்தியே அவைக்குச் சென்று கேள்வியாகிறது. அச்செய்தி நாளும் எண்ணும் இடமும் உடையதாக இருந்தால் கேள்வி கூர்மையாகும். "எல்லாம் மோசம்" என்ற புலம்பலாக இருந்தால் காற்றோடு போகும். 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமகன் தானே அலுவலகத்தைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடவேண்டிய கிராம சபையில், ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். பதினெட்டு வயது நிறைந்து வாக்காளரானதும் அங்கே உங்களுக்கும் இடம் உண்டு.

அந்நாள் வரும்வரையில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் ஊரில் உள்ள ஒரு பொது நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அரசுப் பேருந்துப் பணிமனையாகலாம், மின் அலுவலகமாகலாம். அங்கே ஆள் எத்தனை, பணம் எவ்வளவு, பயன் என்ன என்று 150 சொற்களுக்குள் ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள். அதில் ஊகம் இருந்தால் நீக்குங்கள். வசை இருந்தால் நீக்குங்கள். விடை "ஆம்" என்றோ "இல்லை" என்றோ முடிந்துவிடும் இடம் இருந்தால் திருத்துங்கள். எழுதத் தொடங்கும்போதுதான் நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பது விளங்கும். அறிந்து கேட்பவனுக்கே ஆட்சி விடை சொல்லும்.